தேய்வை யார் ஏற்பது?

இரண்டு செயல்கள் காண்பவர் அனைவர்க்கும் ஒன்றுபோலவே தோன்றுகின்றன. விளைவிலும் அப்பொழுதைக்கு வேறுபாடு காண்பதற்கில்லை. எனினும், அவற்றுள் ஒன்று கண்ணுக்குப் புலப்படாத இடத்தில் ஒரு பொருளைத் தேய்க்கிறது, மற்றொன்று தேய்க்கவில்லை. அறநோக்கில் இவ்விரண்டும் ஒன்றுதானா, வேறா? இவ்வினாவை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் அரசியலிலிருந்தோ குடும்ப வாழ்விலிருந்தோ சான்று காட்டுவர். அங்கு நம் விருப்பு வெறுப்புகள் இடையே புகுந்து தீர்ப்பைக் கோணச் செய்துவிடும். ஆதலின், எவர்க்கும் பகையோ உறவோ இல்லாத ஓர் இயந்திரத்தைக் கொண்டு இதனை ஆராய்வோம். கியரைக் கையாலும் கிளட்சைக் காலாலும் இயக்கி ஓட்டும் ஸ்போர்ட்ஸ் கார்தான் அது.

ஜப்பானிய நிறுவனமான மாஸ்டா 1989-ஆம் ஆண்டு வெளியிட்ட எம்எக்ஸ்-5 என்னும் சிறு வண்டி இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. இருவர் மட்டுமே அமரலாம், 1600 சி.சி. எஞ்சின், எடை ஆயிரம் கிலோகிராமுக்கும் குறைவு, உந்துவன பின்சக்கரங்கள். 2016-ஆம் ஆண்டில் இவ்வகையின் பத்து இலட்சமாவது வண்டி தயாராயிற்று. இதனை அமைத்தவர்கள் தங்கள் குறிக்கோளை 'ஜின்பா இத்தாய்' என்னும் ஜப்பானியத் தொடரால் குறித்தனர். மனிதனும் குதிரையும் ஓருடல் என்பது அதன் பொருள். கடிவாளத்தை விட்டுவிட்டு, விரையும் குதிரைமேலிருந்து அம்பெய்யும் பழங்கலையை நினைவூட்டுவது அத்தொடர். ஓருடலாதல் என்பது இனிய சொல்தான். ஆயின், வெவ்வேறு வேகமுடைய இரண்டு ஓருடலாகும்போது அவ்வேற்றுமைக்கு விலை கொடுப்பவர் யார் என்பதே நம் வினா.

எஞ்சின் ஒருபுறம் சுழல்கிறது. கியர்ப்பெட்டியும் சக்கரங்களும் மறுபுறம் சுழல்கின்றன. இவ்விரண்டையும் கூட்டவும் பிரிக்கவும் நடுவே நிற்பது கிளட்ச். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் ஃப்ளைவீல் என்னும் கனத்த சக்கரத்துக்கும், வில்லின் விசையால் அழுத்தும் பிரஷர் பிளேட்டுக்கும் இடையே, உராய்வுப் பொருள் பதித்த மெல்லிய வட்டத் தகடு ஒன்று அமைந்திருக்கிறது. மிதியை அழுத்தினால் பிடி தளரும், விட்டால் இறுகும். இருபுறமும் ஒரே வேகத்தில் சுழலுங்கால் தகட்டுக்குத் தேய்வில்லை. வேகங்கள் மாறுபட்டிருக்கையில் கூட்டினாலோ, அம்மாறுபாட்டைத் தன் மேனியைத் தேய்த்து வெப்பமாக்கிச் சமன் செய்வது இத்தகடே.

கீழ்க் கியருக்கு இறங்குவதை நோக்குவோம். இவ்வண்டியில் நான்காம் கியரின் விகிதம் 1. மூன்றாம் கியரின் விகிதம் 1.33. மணிக்கு ஏறத்தாழ 75 கிலோமீட்டர் வேகத்தில் நான்காம் கியரில் செல்லும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றுகிறது. அதே வேகத்தில் மூன்றாம் கியருக்கு இறங்கினால் எஞ்சின் ஏறத்தாழ 4000 சுற்றுச் சுற்றியாகவேண்டும். ஆனால் ஆக்ஸிலரேட்டரை விட்டுக் கிளட்சை அழுத்திய கணமே எஞ்சினின் வேகம் 3000-க்கும் கீழே விழத் தொடங்குகிறது. ஏறவேண்டிய இடத்தில் அது இறங்குகிறது. இந்த இடைவெளியை நிரப்பியே ஆகவேண்டும். அதனை நிரப்பும் முறையில்தான் ஓட்டுவோர் மூவகைப்படுகின்றனர்.

முதலாமவர் கிளட்ச் மிதியைச் சட்டென விட்டுவிடுகிறார். வண்டி குலுங்குகிறது; உடனிருப்பவர் முன்னே சாய்கிறார். இவர் செயலின் குற்றம் எவர்க்கும் வெளிப்படை. இரண்டாமவர் மிதியை மெல்ல மெல்ல விடுகிறார். குலுக்கம் இல்லை, உடனிருப்பவர் மகிழ்கிறார். ஆனால் அந்த ஓரிரு விநாடியும் தகடு அரைபட்டுக்கொண்டே எஞ்சினை 4000 சுற்றுக்கு இழுத்து ஏற்றுகிறது. மூன்றாமவர், கிளட்சை அழுத்திக் கியரை மாற்றும் அதே நேரத்தில், ஆக்ஸிலரேட்டரை ஒருமுறை அளவாகத் தட்டி எஞ்சினைத் தாமே 4000 சுற்றுக்கு உயர்த்திவிடுகிறார். பின்பு மிதியை விடுகிறார். இங்கும் குலுக்கம் இல்லை. தகட்டுக்கும் தேய்வு ஏறக்குறைய இல்லை.

முதலாமவரைப்பற்றி ஆராயவேண்டுவதில்லை. இரண்டாமவரும் மூன்றாமவருமே நம் வினாவுக்கு உரியவர்கள். உடனிருப்பவரைக் கேட்டால் இருவரும் நன்றாகவே ஓட்டுகின்றனர் என்பார். இருவர் செயலும் மென்மையானதே. ஆயின், ஒருவர் மென்மை பிறிதொன்றின் தேய்வால் வாங்கப்பட்டது. மற்றவர் மென்மை தம் கவனத்தால் ஈட்டப்பட்டது. மென்மையை மட்டும் அளவுகோலாகக் கொள்பவர்க்கு இவ்வேறுபாடு என்றும் விளங்காது.

"வண்டி என்னுடையது, கிளட்சும் என்னுடையது, அது தேய்ந்தால் பணம் கொடுப்பவனும் நானே. இதில் அறம் எங்கே வந்தது?" என்று ஒருவர் வினவலாம். தக்க வினாவே. தகட்டுக்கு நோவில்லை, உயிரற்ற பொருளுக்கு இரங்குமாறு எவரையும் நாம் கேட்கவில்லை. ஆனால் தேய்ந்த பொருள் எங்கும் மறைந்துபோவதில்லை. பல பத்தாண்டுகளாகக் கிளட்ச் தகடுகளின் உராய்வுப் பரப்பில் கல்நார் கலந்திருந்தது. தேய்ந்தது தூளாகி உறைக்குள் தங்கும். பழுது பார்க்கத் திறக்கும் தொழிலாளி அதனை ஊதித் துடைப்பார். அத்தூள் அவர் நுரையீரலுக்குள் செல்லும். கல்நார்த் தூள் நுரையீரல் நோய்களையும் புற்றுநோயையும் விளைப்பது என்பது ஐயமற நிறுவப்பட்டது. இன்று பல நாடுகள் அதனைத் தடைசெய்துள்ளன. ஆயினும், வண்டியை ஓட்டியவர் ஒருவர், மூச்சில் விலை கொடுத்தவர் மற்றொருவர் என்பது நடந்த வரலாறு. பணம் கொடுத்தவர் தாமே முழு விலையையும் கொடுத்துவிட்டதாக எண்ணியிருந்தார்.

மற்றோர் ஐயமும் எழும். "தேய்வதற்கென்றே செய்யப்பட்ட பொருள் தேய்ந்தால் குறை என்ன?" என்பது அது. இதற்கு விடை காண வண்டி புறப்படும் கணத்தை நோக்கவேண்டும். எஞ்சினின் வேகம் ஓர் அளவுக்கும் கீழே சென்றால் அது நின்றுபோகும். சக்கரங்களோ அசையாது நிற்கின்றன. இவ்விடைவெளியை எவ்வளவு தேர்ந்த ஓட்டுநராலும் நீக்க முடியாது. தகடு சிறிது நழுவித்தான் ஆகவேண்டும். அதற்காகவே அது செய்யப்பட்டது. இது தவிர்க்க முடியாத தேய்வு. தேய்வுக்கு அஞ்சி மிதியைச் சட்டென விடுபவர் எஞ்சினை அணைப்பார். அன்றி வண்டியின் பிற உறுப்புகளை அதிரச் செய்வார். ஆகவே, தேய்வே கூடாது என்பது நம் கொள்கையன்று. கவனம் செய்யக்கூடிய வேலையைத் தேய்வின்மேல் சுமத்தலாகாது என்பதே நாம் கூறுவது.

கிளட்சைப் பேணும் விதிகள் யாவும் இவ்வொன்றிலிருந்தே பிறக்கின்றன. புறப்படுங்கால் எஞ்சினை உரக்க முழங்கவிடாமல், வேண்டிய அளவே வேகம் கொடுத்து, வண்டி நகர்ந்ததும் மிதியை முழுவதும் விட்டுவிடவேண்டும். மேட்டில் நிற்கும்போது ஹாஃப் கிளட்சில் வண்டியைத் தாங்கி நிறுத்தலாகாது. அவ்வேலைக்குக் கைப்பிரேக் இருக்கிறது. ஓடும்போது மிதியின்மேல் காலை வைத்து இளைப்பாறலாகாது; அச்சிறு பாரமே ரிலீஸ் பேரிங்கை ஓயாமல் உழைக்கவைக்கும்; தகட்டின் பிடியையும் தளர்த்தும். நெடுநேரம் நிற்குமிடத்தில் கியரை நியூட்ரலில் வைத்துக் காலை எடுத்துவிடுவது நன்று. வேகத்தைக் குறைப்பது பிரேக்கின் கடமை. அதனைக் கிளட்சின் உராய்வால் செய்துகொள்வது, எளிதில் மாற்றத்தக்கதைக் காக்க அரிதில் மாற்றத்தக்கதைச் செலவிடுவதாகும். பிரேக் கட்டைகளைச் சக்கரத்தைக் கழற்றி மாற்றிவிடலாம். கிளட்ச் தகட்டை மாற்றக் கியர்ப்பெட்டியையே இறக்கவேண்டும். எஞ்சின் முழங்கியும் வண்டி அதற்கேற்ப விரையாவிட்டால், அல்லது கருகிய வாடை எழுந்தால், நெடுநாள் பேசாதிருந்த தகடு பேசத் தொடங்கிவிட்டது என்று அறிக.

இனி, இத்திறனைக் கற்கும் வழியை நோக்குவோம். முதலிற் கற்கவேண்டியது செவி. வண்டி நிற்கும்போதே ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு தட்டினால் எஞ்சின் ஆயிரம் சுற்று உயர்கிறது என்பதைக் காலும் காதும் அறியவேண்டும். பின்பு வெறுஞ்சாலையில், பிரேக் இடாமல், நான்கிலிருந்து மூன்றுக்கு மட்டும் இறங்கிப் பழகவேண்டும். அது கைவந்த பின்னரே, வலக்காலின் முன்பகுதியால் பிரேக்கை அழுத்தியவாறே அதன் ஓரத்தாலோ குதிகாலாலோ ஆக்ஸிலரேட்டரைத் தட்டும் அரிய முறைக்குச் செல்லலாம். வளைவில் திரும்பும் முன்னர் இம்மாற்றம் முடிந்திருத்தல் வேண்டும். மழை நனைத்த வளைவில் வேகம் பொருந்தாமல் கிளட்சை விட்டால், பின்சக்கரங்கள் பிடியிழந்து வண்டி சுழன்றுவிடக்கூடும். அப்பொழுது தேய்வது தகடு மட்டுமன்று. எதிரே வருபவர் உயிரும் இடருக்குள்ளாகிறது.

இங்கு இரண்டு இடறல்கள் உண்டு. ஒன்று செருக்கு. தேவையின்றி எஞ்சினை உறுமச் செய்து, தாம் தேர்ந்தவர் என்று தெருவுக்கு அறிவிப்போர் உளர். பொருத்தத்துக்காகத் தட்டுவது வேறு. பிறர் திரும்பிப் பார்க்கத் தட்டுவது வேறு. மற்றொன்று அறிவின்றிய திறன். 6000 சுற்றில் நான்காம் கியரில் விரைபவர் மூன்றுக்கு மாறாக இரண்டாம் கியரில் தவறிப்போட்டுக் கிளட்சை விட்டால், இரண்டாம் கியரின் விகிதம் 1.89 ஆதலின், எஞ்சின் 11,000 சுற்றுக்கும் மேல் சுழற்றப்படும். அது தாங்கக்கூடியதோ ஏறத்தாழ 7000. சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுவதால் எரிபொருளை நிறுத்தும் காப்பும் அங்கே பயன்படாது. கால் எவ்வளவு மென்மையாக இருப்பினும், போகுமிடம் தவறானால் மென்மை காக்காது.

மூன்றாமவரும் முற்றும் கடனற்றவர் அல்லர் என்பதையும் மறைத்தல் கூடாது. கியர்ப்பெட்டிக்குள் சிங்க்ரோ எனப்படும் சிறு வளையங்கள் உள்ளன. கியர் விழும்முன் உள்ளே சுழலும் தண்டின் வேகத்தை உராய்ந்து சமன் செய்பவை அவை. 1928-ஆம் ஆண்டில் காடிலாக் நிறுவனம் இவ்வமைப்பைக் கார்களில் புகுத்துவதற்கு முன்னர், ஓட்டுநர் நியூட்ரலில் ஒருமுறை கிளட்சை விட்டு, எஞ்சினை உயர்த்தி, மீண்டும் அழுத்தி, அதன்பின் கியர் போட்டார். பழைய லாரி ஓட்டுநர்கள் 'டபுள் கிளட்ச்' என்று கூறிய முறை அதுவே. இன்று அவ்வுழைப்பை வளையங்கள் ஏற்றுக்கொண்டன. நம்மில் மிகத் தேர்ந்தவரும் எங்கோ ஒரு வளையத்தின் பொறுமையால்தான் வாழ்கிறார் என்னும் நினைவு, தேர்ச்சியோடு பணிவும் இருக்கச் செய்யும்.

2009-ஆம் ஆண்டு மாடலாக வந்த நிசான் 370இசட் வண்டியில், கியர் மாறும்போது எஞ்சினின் வேகத்தை வண்டியே உயர்த்திக்கொள்ளும் ஏற்பாடு இருந்தது. ஒரு பொத்தானால் அதனை இயக்கலாம், நிறுத்தலாம். தகட்டின் நோக்கில் பார்த்தால் இது முழு நன்மையே. இதனைப் பழித்தல் நேர்மையாகாது. தேய்வு குறைவதே நோக்கமாயின், அதனைக் குறைத்தது காலா, கருவியா என்பது பொருட்டன்று. ஆனால் அக்கருவி கிளட்சுக்கு மட்டுமே உண்டு. நாம் நாள்தோறும் நடத்தும் பிற இணைப்புகளுக்கு அத்தகைய பொத்தான் இல்லை.

அவ்விணைப்புகளை எண்ணிப் பாருங்கள். கோபத்தில் விரையும் தந்தைக்கும் தயங்கி நிற்கும் மகனுக்கும் இடையே ஒரு தாய் நிற்கிறாள். அவசரப்படும் அதிகாரிக்கும் காத்திருக்கும் மக்களுக்கும் இடையே ஒரு குமாஸ்தா நிற்கிறார். முதலாளியின் கெடுவுக்கும் தொழிலாளரின் உடல் வலிமைக்கும் இடையே ஒரு மேஸ்திரி நிற்கிறார். வீடு அமைதியாக இருக்கிறது, அலுவலகம் ஒழுங்காக நடக்கிறது, வேலை குறித்த நாளில் முடிகிறது என்று நாம் மகிழ்கிறோம். குலுக்கம் தெரியவில்லை என்பதனால் தேய்வு இல்லை என்று முடிவு செய்துவிடுகிறோம். தகட்டுக்கு நோவில்லை, இவர்களுக்கு உண்டு. முற்றும் தேய்ந்து ஒருநாள் பிடி நழுவும்போதுதான், "இத்தனை நாள் நன்றாகத்தானே இருந்தது" என்று வியக்கிறோம்.

ஆதலின், தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை இது: இரண்டு செயல்களும் ஒன்றல்ல. இணையுமுன் தன் வேகத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் ஆற்றலும் அறிவும் எவனிடம் உண்டோ, அவ்வேற்றுமையைத் தீர்க்கும் கடமையும் அவனுடையது. வண்டியில் அவ்வாற்றல் ஓட்டுபவரிடம் இருக்கிறது. வீட்டில் உரத்துப் பேசுபவரிடம் இருக்கிறது. அலுவலகத்தில் ஆணையிடுபவரிடம் இருக்கிறது. அவர் செய்யவேண்டுவது பெரிதன்று. கூடுவதற்கு முன் ஒரு கணம், எதிர்ப்புறம் எவ்வேகத்தில் வருகிறது என்று செவிகொடுத்து, அதற்கேற்பத் தாம் உயர்ந்தோ தாழ்ந்தோ நிற்றல் வேண்டும். அந்த ஒரு கணத்தைக் கொடுக்க மறுப்பவருக்காக, இடையில் நிற்பவர் ஆண்டுக்கணக்கில் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.