பக்கத்து மெசினில் இருப்பவள்

கிளிநொச்சி அறிவியல் நகரில் எம்.ஏ.எஸ். நிறுவனத்தின் விடியல், வானவில் என்ற ஆடைத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. வவுனியாவில், முன்பு கல்செடோனியா என்ற பெயரில் இருந்த இத்தாலியக் குழுமத்தின் ஒமேகா லைன் இருக்கிறது. போருக்குப் பின் வந்த இந்தக் காமென்ட்ஸ்களில்தான் வன்னியின் எத்தனையோ பெண்பிள்ளைகள் தங்கள் முதல் மாதச் சம்பளத்தைக் கையில் வாங்கினார்கள். வயலும் தோட்டமும் கூலியுமாக இருந்த ஊருக்கு ஒரே கூரையின் கீழ் இத்தனை பேர் வேலை செய்வது புதிது. அந்தக் கூட்டத்துக்குள் ஒருத்தியை எப்படித் தனியாகப் பாராட்டுவது என்ற கேள்வியும் அதோடு சேர்ந்தே வந்தது.

பெரிய கம்பனிகள் எங்கும் இதற்கு ஏறக்குறைய ஒரே விடைதான் வைத்திருக்கின்றன. மாதத்தின் சிறந்த ஊழியர், சுவரில் படம், வருட முடிவில் மேடை, கையில் ஒரு சான்றிதழ். எம்.ஏ.எஸ். 2003இல் தொடங்கிய ‘வுமன் கோ பியொண்ட்’ திட்டம் இதைவிடக் கொஞ்சம் ஆழமாகப் போக முயன்றது. தொழிற்சாலைப் பெண்களின் படிப்பையும் வீட்டு வாழ்க்கையையும் சேர்த்துப் பார்த்தது. மேடையை நான் குறை சொல்லவில்லை. பிள்ளையின் படத்தை அம்மா சாமிப்படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்தால் அதில் என்ன பிழை? ஆனால் மேடையில் பரிசு கொடுக்கிறவர் பெரும்பாலும் அவள் தைத்ததைக் கண்டதில்லை. யாரோ எழுதிக் கொடுத்த பட்டியலைப் பார்த்துப் பெயரை வாசிக்கிறார், அதையும் தடக்கித் தடக்கி.

வன்னி ஆட்களுக்குப் பட்டியல் புதிதல்ல. போர் முடிந்த 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அந்த முகாமின் பிரிவுகளுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி, கதிர்காமர் என்று பெரியவர்களின் பெயர்கள் சூட்டப்பட்டிருந்தன. உள்ளே இருந்தவர்களுக்கோ பதிவு இலக்கம். தண்ணீருக்கு வரிசை, சாப்பாட்டுக்கு வரிசை, ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிட்டால் நல்லதுக்கா கெட்டதுக்கா என்று தெரியாமல் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அப்படி எண்ணப்பட்டே பழகிய சனத்துக்கு, கம்பனிக் கணினி தெரிந்தெடுத்த பெயரோடு வரும் வாழ்த்து அட்டையும் இன்னொரு பதிவு மாதிரித்தான் தெரியும். அட்டை அச்சடித்தவருக்கு அது விளங்காது. அவரைக் கோபித்தும் பயனில்லை.

வேலைத்தலப் பாராட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் முகாமைத்துவம் படித்தவர்கள் உடனே ஹோதோர்ன் ஆய்வைச் சொல்வார்கள். சிக்காகோவுக்கு அருகே வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பனியின் ஆலையில், 1927இல் ரிலே பொருத்தும் சில பெண்களைத் தனி அறையில் இருத்தி ஆராய்ந்தார்கள். இடைவேளை கொடுத்தார்கள், வேலை நேரத்தைக் குறைத்தார்கள், பிறகு கொடுத்ததைத் திருப்பி எடுத்தும் பார்த்தார்கள். உற்பத்தி பெரும்பாலும் ஏறிக்கொண்டே போனது. கவனிக்கப்பட்டதால்தான் ஏறியது என்பது பிரபலமான முடிவு. சம்பளக் கணக்கை மாற்றியதும் ஒரு காரணம் என்று மறுப்பவர்களும் உண்டு, அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. எனக்குப் படுவது வேறு. உற்பத்தி ஏறுவதற்காகக் காட்டும் கவனத்தை லைனில் இருக்கும் பிள்ளைகள் ஒரு கிழமைக்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். சிரித்துக்கொண்டு வருகிற சேர் எதற்காக வருகிறார் என்று அவர்களுக்குத் தெரியும்.

கிளிநொச்சி மாவட்டத்திலேயே வேறொரு வேலைத்தலம் இருக்கிறது. பளைக்கு வடக்கே முகமாலை. ஆண்டுக்கணக்காகப் போர் முன்னரங்காக இருந்த மண். இலங்கையிலேயே மிதிவெடி மிக நெருக்கமாகப் புதைக்கப்பட்ட இடங்களில் ஒன்று. 2002இலிருந்து இலங்கையில் மிதிவெடி அகற்றும் ஹலோ ட்ரஸ்ட் நிறுவனம் இங்கே ஏராளமான பெண்களை வேலைக்கு அமர்த்தியிருக்கிறது. கணவனை இழந்து வீட்டைத் தனியே சுமக்கிறவர்கள் அவர்களில் பலர். ஒவ்வொருத்திக்கும் ஒடுங்கிய ஒரு பாதை. முகமூடியும் கவச அங்கியும் போட்டு, வெயிலுக்குள் முழந்தாளிட்டு, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிப் போகவேண்டும். ஒருத்திக்கு ஏதும் நடந்தால் மற்றவளுக்குப் படக்கூடாது என்று தூரத் தூர நிறுத்துவார்கள். பக்கத்தில் பேச்சுத்துணையும் கிடையாது. வேலை சரியாக நடந்தால் எதுவும் நடக்காது என்பதுதான் இந்த வேலையின் விளைச்சல். நடக்காத ஒன்றுக்கு எந்த மேடையில் பரிசு கொடுப்பது?

ஆனாலும் அங்கே ஒரு பாராட்டு நடக்கிறது. துப்புரவாக்கிய பாதையைச் சரிபார்க்க மேற்பார்வையாளர் வருவார். அவள் விலக்கிய மண்ணின்மேல் தன் காலை வைத்து நடப்பார். எல்லாம் முடிந்து காணி கையளிக்கப்பட்ட பிறகு, சொந்தக்காரர் அதே மண்ணில் கிடங்கு வெட்டித் தென்னம்பிள்ளை நடுவார். அவருக்கு அவள் பெயர் தெரியாது. மேற்பார்வையாளருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கால் வைத்தார்.

காமென்ட்ஸிலும் இது இருக்கிறது, நாங்கள்தான் அதைப் பாராட்டு என்று கணக்கெடுப்பதில்லை. கொலர் தைக்கிறவள் கொடுத்த பீஸைப் பக்கத்து மெசின்காரி திருப்பித் திருப்பிப் பார்க்காமல் வாங்கித் தைக்கிறாள் என்றால், அவள் கையை இவள் நம்புகிறாள். “பிள்ளை, அந்த மடிப்புச் சுருங்காமல் வந்தது உன்ர கையாலதான், நான் பாத்தனான்” என்று லைன் சுப்பர்வைசர் போகிற போக்கில் சொன்னால், சுவரில் தொங்கும் படத்தைவிட அது நெடுநாள் நிற்கும். கம்பனிக்குக் கண் இல்லை. கண் ஆட்களுக்குத்தான் உண்டு. கண்டவர்தான் பாராட்ட முடியும். மற்ற எல்லோரும் வாழ்த்தலாம், அவ்வளவுதான்.

அதனால் விசயம் கடைசியில் லைன் சுப்பர்வைசரிடம் வந்து நிற்கிறது. மணிக்கொரு தடவை டார்கெட் பலகையைப் பார்த்து ஓடுகிறவருக்கு யாருடைய கையைக் கவனிக்க நேரம்? அவருக்குக் கீழே ஆட்களைக் குறைத்து, நாளுக்குப் பத்து நிமிடம் சும்மா நின்று பார்க்க விடுவது விருது விழாவைவிடச் செலவு கூடியது. பல கம்பனிகள் விழாவைத் தெரிவுசெய்வதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

முகமாலைக்குத் திரும்புவோம். மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. மிதிவெடிகளை அகற்றி முடிக்கக் குறித்த நாள் 2028 ஜூன் 1. என்றாவது ஒருநாள் இந்த வேலை முடியத்தான் போகிறது. அன்றைக்கு இந்தப் பெண்கள் வேறு வேலை தேடிப் புறப்படுவார்கள். கையில் ஒரு சேவைக் கடிதம் இருக்கும். ‘இத்தனையாம் ஆண்டு முதல் இத்தனையாம் ஆண்டு வரை, நன்னடத்தையுடன்’ என்று ஆயிரம் பேருக்கும் ஒரே வாசகத்தை அடித்துக் கொடுப்பது சுலபம். அதை அலுவலகம் எழுதாமல் குழுத்தலைவர் எழுதட்டும். எந்த வெளியில் வேலை செய்தாள், மண் எப்படிப்பட்டது, வேர் அடர்ந்த இடத்தில் எப்படிப் பொறுமையாக நின்றாள், அவள் பாதையில் தான் எத்தனை தரம் நடந்தார் என்றெல்லாம் எழுதலாம். கடிதம் ஒன்றுக்கு அரைமணி நேரமாவது போகும். கடைசி மாதத்தில் உட்கார்ந்தால் முடியாது, இந்த வருடமே தொடங்கவேண்டும்.