அறிவியல் அந்நியமல்ல: கொடைக்கானல் தரும் பாடம்

 

 

விஞ்ஞானி என்றதும் உங்கள் பிள்ளையின் மனதில் யார் வருகிறார்? வெள்ளை அங்கி போட்ட ஒரு வெளிநாட்டுக்காரர். இல்லையென்றால், இறைவனை மறுப்பவர். "அது நமக்கான வேலை இல்லை" என்று பிள்ளை ஒதுங்கிவிடுகிறது. இதில் நமக்கும் பங்குண்டு. கேள்வி கேட்கும் பிள்ளையை 'அதிகப்பிரசங்கி' என்று அடக்குவது யார்? நாம்தானே!

நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மகனார் இப்ராஹீம் வஃபாத்தான நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. அந்தக் குழந்தையின் மரணத்தால்தான் இப்படி ஆனது என்று மக்கள் பேசினார்கள். நபியவர்கள் மௌனமாக இருந்திருக்கலாம். ஆனால், சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், யாருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவற்றில் கிரகணம் பிடிப்பதில்லை என்று திருத்தினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி இது. மகனைப் பறிகொடுத்த வேதனையிலும் உண்மையை விட்டுக்கொடுக்காத நேர்மை! அறிவியலுக்கு முதல் தேவை அந்த நேர்மைதான்.

சகோதரர்களே! கொடைக்கானலுக்குச் சுற்றுலா போகிறோம். ஏரியில் படகு சவாரி செய்கிறோம், சாக்லேட் வாங்குகிறோம், திரும்புகிறோம். அதே பழனி மலையில், 2,300 மீட்டருக்கு மேலான உயரத்தில், 1899ல் தொடங்கப்பட்ட சூரிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. அதை எத்தனை பிள்ளைகளுக்குக் காட்டினோம்?

1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் லட்சக்கணக்கான உயிர்களைக் குடித்தது. சூரியனில் நடக்கும் மாற்றத்துக்கும் மழைக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி அப்போது வலுத்தது. அந்த ஆய்வுக்கூடம் பிறந்ததற்கு அந்தக் கேள்வியும் ஒரு காரணம். பட்டினிச் சாவைத் தடுக்க நினைப்பது இபாதத்துக்கு அந்நியமான வேலையா?

அந்தக் கேள்விக்கு எளிய விடை கிடைத்துவிடவில்லை. ஆனாலும் மேகம் விலகிய நாளெல்லாம் சூரியனைப் படம் எடுத்து வைத்தார்கள். நூறாண்டு கடந்த சேமிப்பு அது. சூரியப் புள்ளியில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909ல் எவர்ஷெட் அங்குதான் கண்டறிந்தார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, பொறுமையோடு தேடுவதுதான் விஞ்ஞானியின் குணம். தெரியாது என்று சொல்ல இமாம் மாலிக் (ரஹ்) அவர்களும் வெட்கப்பட்டதில்லையே!

செல்வந்தர்களே, கேளுங்கள்! ஹைதராபாத்தில் நவாப் ஜஃபர் ஜங் தம் சொந்தச் செலவில் தொலைநோக்கி வாங்கினார். அதிலிருந்து நிஜாமியா வானாய்வுக்கூடம் உருவானது. அங்கு வேலை பார்த்தவரின் மகன் வானத்தைப் பார்த்தே வளர்ந்தார். 1949ல் கண்டறியப்பட்ட ஒரு வால்நட்சத்திரத்தின் பெயரில் அவர் பெயரும் சேர்ந்தது. 1960ல் கொடைக்கானல் ஆய்வுக்கூடத்தின் பொறுப்பை ஏற்றார். அவர்தான் வைணு பாப்பு. ஒருவர் கொடுத்த தொலைநோக்கி, ஊர் பேர் தெரியாத ஒரு பிள்ளைக்குப் பயன்பட்டது. ஸதகா ஜாரியாவுக்கு இப்படியும் ஒரு வழி உண்டு.

பெற்றோர்களே! உங்கள் மகனோ மகளோ "ஏன் அத்தா?" என்று கேட்டால் வாயை அடைக்காதீர்கள். "வா, சேர்ந்து தேடுவோம்" என்று சொல்லுங்கள். பள்ளிவாசலில் தொங்கும் தொழுகை நேர அட்டவணையே சூரியக் கணக்குதான் என்று காட்டுங்கள். அங்கிருந்து தொடங்குங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் சந்ததிகளை உன் படைப்பைச் சிந்திப்பவர்களாக, மக்களுக்குப் பயன்தரும் கல்வி உடையவர்களாக ஆக்கியருள்வாயாக! ஆமீன்.