ஆள் இல்லாத ஊருக்கு ஒரு பஸ்

வண்ணார்பேட்டையில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்களுக்குத் தத்துவ விசாரம் தானாகவே வந்துவிடுகிறது. வேறு வேலை கிடையாது, பாருங்கள்! சென்ற வாரம் எனக்குத் துணையாகக் கிடைத்தவர், போக்குவரத்துக் கழகப் பட்டறையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவர். நான் பார்த்த ஒரு படத்தைப் பற்றி அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இங்கிலாந்தில் இம்பர் என்று ஒரு கிராமம். 1943 டிசம்பரில், அமெரிக்கத் துருப்புகளின் போர்ப் பயிற்சிக்காக அங்கிருந்த ஜனங்களை வெளியேற்றினார்கள். யுத்தம் முடிந்தது; ஜனங்களைத் திரும்ப விடவில்லை. இன்றைக்கும் ஊர் ராணுவத்தின் வசம்தான். 2009 முதல், பெரும்பாலும் வருஷத்துக்கு ஒரு நாள், அருமையாகக் காப்பாற்றி வைத்திருக்கும் பழைய லண்டன் மாடி பஸ்கள் அந்த ஊருக்கு ஓடுகின்றன. கண்டக்டர் உண்டு, டிக்கெட் உண்டு, கூட்டம் உண்டு. ஊரில் மட்டும் குடியிருக்க ஆள் இல்லை.

அண்ணாச்சி யோசித்தார். "அந்த வண்டியில பழசு எது சார்? நம்ம பட்டறையில ஒரு வண்டி எஞ்சின் இன்னொரு வண்டிக்குப் போவும். டயரு மாறும், சீட்டு மாறும். கடைசியில நம்பர் பிளேட்டுதான் மிஞ்சும்."

நம்பர் பிளேட்டும் மிஞ்சாது என்பதுதான் வேடிக்கை. லண்டன் பஸ்களைச் செப்பனிட ஆல்டன்ஹாமில் ஒரு பெரிய பட்டறை இருந்தது, 1986இல் மூடிவிட்டார்கள். அங்கே பாடியைச் சாஸியிலிருந்து கழற்றித் தனித்தனியாகப் பழுது பார்ப்பார்கள். பிறகு தயாராயிருக்கும் ஏதோ ஒரு சாஸியின்மேல் ஏதோ ஒரு பாடியைப் பொருத்தி, புதிதாக உள்ளே வந்த வேறொரு பஸ்ஸின் நம்பரை அதற்குச் சூட்டி வெளியே அனுப்புவார்கள். கூடு விட்டுக் கூடு பாயும் வித்தை சித்தர்களுக்கு மட்டும் உரியதல்ல!

அப்படியானால் அவர்கள் காப்பாற்றுவது எதை? இரும்பை அல்ல. மழையில் குடையில்லாமல் நிற்கும் ஒருத்திக்கு, ரோட்டு வளைவில் தெரிகிற விளக்கு வெளிச்சம் இருக்கிறதே, அதுதான் பஸ் என்பது என் கட்சி. யாராவது காத்திருக்க வேண்டும். இந்தக் கணக்கில் பார்த்தால், இம்பருக்குப் போவது பஸ்ஸே அல்ல. பஸ் வேஷம் போட்ட இரும்பு. வீறாப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, எனக்கே மனசு ஒப்பவில்லை. விரட்டப்பட்டவர்களின் ஊர்ப் பெயரைப் போர்டில் எழுதிக்கொண்டு, ஒரு நாளாவது ஒரு வண்டி அங்கே போகிறது. இல்லாதவர்களுக்கும் ஒரு மரியாதை உண்டல்லவா?

நம் தேசத்திலும் 2021இல் ஒரு விதி வந்தது. 50 வருஷம் தாண்டி, உருமாறாமல் இருக்கும் வண்டியைப் புராதன வாகனமாகப் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் சொந்த உபயோகத்துக்கான காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும்தான் அந்தச் சலுகை. சர்க்கார் பஸ்ஸுக்கோ, 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மத்திய விதிப்படி, 15 வருஷத்துக்கு மேல் பதிவைப் புதுப்பிக்க இடமில்லை. சீமான் வீட்டுக் கார் கிழவனாகலாம். ஊரே ஏறி இறங்கிய பஸ் கிழவனாகக் கூடாது! புகை கக்கும் வண்டிகள் ஒழிய வேண்டியதுதான், நான் மறுக்கவில்லை. ஒன்றே ஒன்றையாவது விட்டுவைக்கலாகாதா?

அண்ணாச்சி சிரித்தார். "1974ல ஆரம்பிச்ச கட்டபொம்மன் கழகம். அந்தப் பேரையே 97ல எடுத்துட்டாங்க. வண்டியவா வைக்கப் போறாங்க?"

அதற்குள் பஸ் வந்துவிட்டது. கண்டக்டர் பிள்ளையாண்டானுக்கு இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். அண்ணாச்சி சில்லறையை நீட்டி, "கே.டி.சி. நகர் ஒண்ணு" என்றார். கட்டபொம்மன் கழகத்தின் இங்கிலீஷ் முதலெழுத்துகள்தாம் அவை. பையன் மறுபேச்சில்லாமல் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனான்.