முதுமைக்கு மார்க்கம் தந்த இடம்

 

நமது காரியாபட்டி வட்டாரம் வானம் பார்த்த பூமி. கமலை கட்டி நீர் இறைத்தும், கரிசலில் பருத்தி எடுத்தும் நம்மை ஆளாக்கியவர்கள் இன்று திண்ணையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் லுஹரை ஜமாஅத்துடன் தொழுது வீடு திரும்பினார். சற்று நேரத்தில் மீண்டும் உளூச் செய்ய எழுந்தார். "இப்பத்தானே அத்தா தொழுதீங்க! புத்தி எங்கே போச்சு?" என்று மகன் பலர் முன்னிலையில் அதட்டினார். பெரியவர் தலைகுனிந்து உட்கார்ந்துவிட்டார்.

அவர் மறந்தது தொழுகையை அல்ல, தொழுததைத்தான். அந்த நிலையிலும் தன் ரப்பைத் தேடி எழுந்த மனிதரையா அதட்டுவது?

மனிதனைப் பலவீனத்தில் படைத்து, பின் பலம் தந்து, அதன்பின் மீண்டும் பலவீனத்தையும் நரையையும் தருபவன் தானே என்பதை அல்லாஹுத்தஆலா அர்ரூம் அத்தியாயத்தில் உணர்த்துகிறான். அறிந்தவற்றையும் அறியாமல் போகும் தள்ளாத பருவத்துக்குச் சிலர் திருப்பப்படுவதை அந்நஹ்ல் அத்தியாயம் கூறுகிறது. முப்பதைக் கடந்ததுமே தசையின் வலு சிறுகச் சிறுகக் குறைகிறது. நாற்பதை ஒட்டி அருகிலுள்ள எழுத்து மங்குகிறது. பிறகு செவி மந்தமாகிறது. தாகத்தை உணரும் தன்மையும் குறைகிறது. கூடவே, நேற்றுவரை நம்மிடம் யோசனை கேட்டவர்கள் கேட்பதை நிறுத்திக்கொள்கிறார்கள். உடலின் தளர்ச்சியைவிட இதுவே பெரியவர்களை அதிகம் வாட்டுகிறது.

ஷரீஅத் இந்தத் தளர்ச்சியைக் கண்டு முகம் சுளிக்கவில்லை. அதற்கு இடம் கொடுத்தது. நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழலாம்; அதுவும் இயலாதவர் படுத்துத் தொழலாம். குனிய முடியாதவர் ருகூவுக்கும், அதைவிடச் சற்றுத் தாழ்த்தி ஸுஜூதுக்கும் தலையால் சைகை செய்தால் போதும். நோன்பு நோற்க இயலாத முதியவர் நோன்புக்கு ஒன்றாக ஃபித்யா கொடுக்கலாம். அதன் அளவில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. தத்தம் ஆலிமிடம் கேட்டுக்கொள்க. ஹள்ரத் அனஸ் (ரலி) அவர்களே முதுமையில் நோன்பு நோற்க இயலாதபோது ஏழைகளுக்கு உணவளித்தார்கள். அறிவு முற்றிலும் நீங்கிவிட்டவர் மீதோ கடமையே இல்லை. மக்களுக்குத் தொழவைக்கும் இமாம், பின்னால் நிற்கும் முதியோரை எண்ணித் தொழுகையை இலேசாக்க வேண்டுமென நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள்.

அல்லாஹ் தன் ஹக்கிலேயே முதியவருக்குச் சலுகை தந்திருக்க, நாம் நமது பொறுமையில் ஒரு சிறு சலுகை தரக்கூடாதா?

ஹிஜ்ரி 8-ல் மக்கா வெற்றியின்போது, ஹள்ரத் அபூபக்ர் (ரலி) அவர்கள் பார்வையிழந்து, தலை வெண்மையாய் நரைத்திருந்த தம் தந்தை அபூகுஹாஃபாவை நாயகம் (ஸல்) அவர்களிடம் அழைத்து வந்தார்கள். பெரியவரை வீட்டிலேயே விட்டிருக்கலாமே, நானே அவரிடம் வந்திருப்பேனே என்ற கருத்தில் அண்ணலார் கூறினார்கள். வெற்றி கொண்ட தலைவர், அதுவரை இஸ்லாத்தில் சேராதிருந்த ஒரு முதியவரின் வாசலுக்குச் செல்ல முன்வந்தார்கள். நாமோ ஒரே வீட்டிலிருந்தும் அத்தாவின் கட்டிலருகே செல்ல நேரமில்லை என்கிறோம்!

ஆகவே, மறுபடி தொழ எழுபவரிடம், "தொழுதாச்சு அத்தா, அல்லாஹ் கபூல் செய்வான்" என்று மெல்லச் சொல்லுங்கள். அப்படியும் அவர் தொழுதால் தொழட்டும். மறதி மிகுந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அது நோயாகவும் இருக்கலாம், பிடிவாதமல்ல. தாகமென்று அவர் கேட்குமுன் தண்ணீர் கொடுங்கள். வீட்டு மஷூராவில் அவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்போர், பணத்தோடு குரலையும் அனுப்புங்கள். பெற்றோரைப் பராமரிக்கப் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்த 2007-ல் நம் நாட்டில் சட்டமே வந்தது. ஆனால் சட்டம் சோற்றுக்குத்தான் வழி செய்யும். 'சீ' என்ற சொல்லைக்கூடத் தடுத்த திருமறையோ அவர்களின் மனத்தையும் காக்கிறது.

அதட்டிய அந்த மகனுக்கும் வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். நாற்பதை அடைந்தவன், தன் மீதும் தன் பெற்றோர் மீதும் இறைவன் பொழிந்த அருளுக்கு நன்றி செலுத்த வாய்ப்புக் கேட்டு துஆச் செய்வதை அல்அஹ்காஃப் அத்தியாயம் எடுத்துரைக்கிறது. அடுத்து அந்தத் திண்ணை நமக்குத்தான் காத்திருக்கிறது.

யா அல்லாஹ்! எங்கள் பெற்றோரின் தளர்ச்சியில் எங்களைப் பணிவுடையோராக்குவாயாக! எங்கள் தளர்ச்சியில் உன்னை மறவாத உள்ளத்தைத் தருவாயாக! ஆமீன்.