பூட்டும் அமானிதமும்

பூட்டு நல்லதா, பொல்லாததா என்று கேட்டால் எவரும் உடனே விடை கூறிவிட முடியாது. திருடனுக்கு அது தடை. உடையவனுக்கு அது நிம்மதி. ஆனால், உடையவர் பலராக இருக்கும் ஒரு பொருளுக்குப் பூட்டுப் போடும்போதுதான் வினா கடினமாகிறது. எல்லாருக்கும் பொதுவான ஒன்றை, அந்த எல்லாரிடமிருந்தும் காப்பதற்காக ஒருவர் பூட்டுகிறார். அவ்வாறு பூட்ட அவருக்கு உரிமை உண்டா? உண்டெனில், பூட்டிய பின்னர் அவர்மீது விழும் கடமை யாது?

இவ்வினா நமக்கு ஏட்டிலிருந்து எழுந்ததன்று. நம் ஊர்ப் பள்ளிவாசலின் சுவரில் மாட்டப்பட்ட, கையகலமே உள்ள ஒரு பிளாஸ்டிக் மூடியிலிருந்து எழுந்தது.

உள்பள்ளிக்குக் குளிர்சாதன வசதி செய்து சில ஆண்டுகள் ஆகின்றன. மேலே செல்லும் தகரக் குழாய்களின் வழியே குளிர்காற்று இறங்குகிறது. அதை ஆளும் தெர்மோஸ்டாட் என்னும் சிறு கருவி மிஹ்ராபுக்கு அருகே சுவரில் பதிக்கப்பட்டிருக்கிறது. நாம் குறித்து வைத்த எண்ணைக் கூடத்தின் வெப்பம் தாண்டினால் அது இயந்திரத்தை ஓடச் செய்யும். வெப்பம் அதற்குக் கீழே இறங்கினால் நிறுத்தி வைக்கும். அதன் பணி இவ்வளவே.

ஆனால் அந்த எண்ணை யார் குறிப்பது? இளைஞர் வந்து 18 என்று வைப்பர். முதியவர் வந்து 28 என்று மாற்றுவர். ஒரே இஷாத் தொழுகைக்குள் மூன்று முறை மாறிய நாள்களும் உண்டு. மின்கட்டணம் ஏறியது. ரமலான் இரவொன்றில், ஒருபுறம் சிலர் சுன்னத்துத் தொழுதுகொண்டிருக்கையிலேயே, மறுபுறம் அச்சுவரின் முன் இருவர் குரலுயர்த்திப் பேசியதும் நடந்தது. அதன் பிறகே ஜமாஅத்துக் கூட்டத்தில் பூட்டு மூடி வாங்குவதென முடிவாயிற்று. காற்றுப் புகுவதற்குச் சிறு பிளவுகள் உள்ள, உள்ளே இருப்பது தெரியக்கூடிய மூடி. அதற்கொரு சாவி. சாவி முத்தவல்லியிடம்.

அக்கூட்டத்தில் பூட்டுக்காகப் பேசியவர்களுள் நாமும் ஒருவர். அன்று சொன்ன காரணங்களை இன்றும் மறுக்கமாட்டோம். பள்ளியின் பொருள் வக்ஃபுப் பொருள். அதில் ஒரு காசு வீணாவதும் கணக்கில் வரும். ஓடும் ஆற்றின் கரையில் இருந்தாலும் ஒளுவின் தண்ணீரை விரயம் செய்யலாகாது என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கற்பித்திருக்க, மின்சாரத்தை விரயம் செய்ய நமக்கு எங்கிருந்து அனுமதி? குளிர்சாதனத்தில் ஒரு பாகை கூட்டி வைத்தால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்பது இந்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் கூறும் கணக்கு. 2020 முதல் அறைக் குளிர்சாதனங்கள் 24 பாகையைத் தொடக்க எண்ணாகக் கொண்டே விற்பனைக்கு வரவேண்டும் என்ற விதியும் உண்டு. 18 என்று வைத்தால் விரைவில் குளிரும் என்பதும் பிழையான எண்ணம். ஒரே வேகத்தில் ஓடும் இயந்திரம் 24-க்கும் 18-க்கும் ஒரே வேகத்தில்தான் குளிர்விக்கும். 18-க்கு நெடுநேரம் ஓடும், அவ்வளவே.

அக்கூட்டத்தில் ஓர் இளைஞர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "ஹஜ்ரத், பூட்டு இருக்கிறதுனால தொடாம இருக்கிறது தக்வாவா?"

நல்ல கேள்வி. மீற வழியிருந்தும் மீறாமல் இருப்பதே இறையச்சம். வழியையே அடைத்துவிட்டால் அங்கே இறையச்சத்துக்கு என்ன வேலை? இதற்கு நாம் அன்று அளித்த விடை இது: நோன்பாளியின் வாய்க்கு எவரும் பூட்டுப் போடுவதில்லை. அவன் மறைவில் உண்டால் கேடு அவனுக்கே. ஆகவே அதை அவனுக்கும் அவனைப் படைத்தவனுக்கும் இடையே விட்டிருக்கிறது மார்க்கம். ஆனால் ஒருவனுடைய தவறு மற்றவனுடைய உரிமையைத் தொடும் இடத்தில், அதாவது ஹக்குல் இபாத் எனப்படும் அடியார்களின் உரிமையில், வேலி போடுவது ஆகும். தீங்குக்கு இட்டுச் செல்லும் வழியை முன்கூட்டியே அடைப்பதற்கு ஃபிக்ஹுக் கலையில் தனிப்பெயரே உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது நம்பிக்கை வை என்பது தானே நபிவழி? வேலி நம்முடைய நன்மையைப் பெருக்குவதற்கன்று. அடுத்தவருடைய பங்கைக் காப்பதற்கு.

விடை சரியானதே. ஆயினும் அது பாதி விடை என்பதைச் சென்ற ரமலானில்தான் அறிந்தோம்.

தராவீஹ் தொழுகைக்கு வெளிப்பள்ளியில், தூணோரம், ஒரு முதியவர் தனியே நின்று தொழுவதை நான்கைந்து நாள்களாகக் கண்டோம். மூச்சிரைப்பு உள்ளவர். நெடுங்காலமாக உள்பள்ளியில் மூன்றாம் வரிசையை விடாதவர். தொழுகை முடிந்ததும் அருகே சென்று, "ஏன் நானா, உள்ளே இடம் இருக்கிறதே?" என்று கேட்டோம்.

"குளிர் தாங்கலை ஹஜ்ரத். மூச்சு முட்டுது."

"முன்பும் குளிர் இருந்ததே? உள்ளேதானே தொழுதீர்கள்?"

"அப்ப பக்கத்துல நிக்கிற தம்பிகிட்ட சொல்வேன். போய்க் கொஞ்சம் கொறச்சு வச்சுட்டு வருவான். இப்பப் பூட்டிக் கெடக்கு. இதுக்காக முத்தவல்லியத் தேடிப் போய்ச் சொல்றதா? எனக்காக எல்லாரும் வேர்த்துக்கிட்டு நிக்கணுமா? இங்கே காத்து நல்லாத்தான் இருக்கு."

அவர் எவரையும் குறை கூறவில்லை. அதுவே நம்மை அதிகம் வருத்தியது. பூட்டு சண்டையை ஒழித்தது உண்மை. அதனோடு, ஒரு முதியவர் பக்கத்தில் நிற்கும் பிள்ளையிடம் ஒரு சொல் சொல்லி உதவி பெறும் வழியையும் ஒழித்திருந்தது. கையை மட்டும் தடுப்பதாக எண்ணினோம். வாயையும் சேர்த்து அடைத்துவிட்டோம்.

பின்னர் அந்த மூடியை உற்று நோக்கியபோது மற்றொன்றும் விளங்கிற்று. அக்கருவி தன்னைச் சுற்றியுள்ள காற்றை மட்டுமே அறியும். மிஹ்ராபுச் சுவரருகே 22 என்றால் அங்கே 22. குழாயின் வாய் நேரே திறக்கும் மூன்றாம் வரிசையில் அது எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. ஆகவே, எண்ணை நியாயமாகக் குறித்துவிட்டோம் என்று நாம் மனநிறைவு கொண்டது, அந்த முதியவரின் பிடரியில் விழுந்த காற்றைக் கணக்கில் கொள்ளாத மனநிறைவு. ஒரு நாள் மூடியின்மேல் யாரோ நனைத்த கைக்குட்டை ஒன்றைப் போர்த்தியிருந்தார்கள். ஈரம் உலரும்போது அவ்விடம் குளிரும். கருவி கூடமே குளிர்ந்துவிட்டதென ஏமாந்து இயந்திரத்தை நிறுத்தும். அதைக் குறும்பு என்று அன்று கடிந்துகொண்டோம். கேட்க ஆளில்லாதவர் ஒருவருடைய முறையீடாகவும் அது இருந்திருக்கலாம் என்று இன்று தோன்றுகிறது.

இக்கருவியின் பிறப்பை அறிந்தால் வியப்பு மேலும் கூடும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வைட்வாட்டர் என்னும் ஊரின் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் வாரன் ஜான்சன் என்றோர் ஆசிரியர் இருந்தார். கட்டடத்தின் அடித்தளத்தில் உலை எரியும். பணியாளர் வகுப்பு வகுப்பாக நுழைந்து வெப்பத்தைப் பார்த்துச் செல்வார், பாடம் தடைப்படும். ஜான்சன் ஒரு மின்கருவி செய்தார். அறையின் வெப்பம் மாறினால் கீழே உலையருகே மணியொலிக்கும். பணியாளர் அதற்கேற்ப உலையைத் திருத்துவார். 1883-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். கவனியுங்கள்: ஆளும் பிடி கீழே ஒருவரிடம் இருந்தது, அறையில் இருப்பவரின் நிலையை அவருக்கு எடுத்துச் சொல்வதே கருவியின் வேலையாயிருந்தது. பிடி ஒருவரிடம் இருப்பதில் குற்றமில்லை. அவர் காதில் மணி ஒலிக்க வேண்டும் என்பதே தேவை.

பூட்டைவிடத் தந்திரமான வழி ஒன்றும் உலகில் உண்டு. அலுவலகங்கள் சிலவற்றில் எதனோடும் இணைக்கப்படாத வெறும் தெர்மோஸ்டாட்டைச் சுவரில் மாட்டிவிடுகிறார்கள். ஊழியர் அதைத் திருப்பி மனம் ஆறுவார், காற்றோ மாறாது. அமெரிக்காவில் இவ்வழக்கம் உள்ளதென்று 2003-இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளேடு எழுதியது. நம் கூட்டத்திலும் ஒருவர் விளையாட்டாக இதைச் சொன்னார். சண்டையும் இல்லை, செலவும் இல்லை என்று சிலர் சிரித்தனர். ஆனால் கடைவீதியில் தானியக் குவியலுள் கைவிட்டுப் பார்த்த பெருமானார் (ஸல்) அவர்கள், மேலே உலர்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருக்கக் கண்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்ததை நாம் மறக்கலாமா? பொய்க்கருவி மேலே உலர்ந்த தானியம். பூட்டோ, உன்னைத் தடுக்கிறேன் என்று முகத்துக்கு நேரே சொல்கிறது. இரண்டில் பூட்டே நேர்மையானது.

ஆகவே பூட்டு இருக்கட்டும். சாவியின் பொருள் என்ன என்பதே நாம் கற்க வேண்டியது.

ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு, கி.பி. 630-இல், மக்கா வெற்றிகொள்ளப்பட்டபோது, கஃபாவின் சாவி உஸ்மான் இப்னு தல்ஹா அவர்களிடம் இருந்தது. முன்னொரு நாள் பெருமானாருக்குக் கதவைத் திறக்க மறுத்தவர் அவர் என்றும் வரலாற்று நூல்கள் கூறும். இப்போது சாவி பெருமானாரின் கையில். அதைத் தம் குடும்பத்துக்குத் தருமாறு நெருங்கிய உறவினர் வேண்டினர். அண்ணலாரோ அதை உஸ்மானிடமே திருப்பி அளித்தார்கள். அக்குலத்தாரிடமே அச்சாவி இன்றும் இருந்துவருகிறது. அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்குமாறு கட்டளையிடும் அந்நிஸா அத்தியாயத்தின் 58-ஆம் வசனத்தை இந்நிகழ்ச்சியோடு விரிவுரையாளர் பலர் இணைத்துப் பேசுவர். அந்த வசனம் அமானிதத்தோடு நின்றுவிடவில்லை. மக்களிடையே தீர்ப்பளித்தால் நீதியோடு அளியுங்கள் என்ற கட்டளையும் அதே வசனத்தில் அடுத்து வருகிறது. சாவியும் நீதியும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டிருக்கின்றன.

அந்த நீதியை எவ்வாறு செய்வது? தொழுகையை நீட்டும் எண்ணத்தோடு நின்ற பெருமானார், குழந்தை ஒன்றின் அழுகுரல் கேட்டால், தாயின் தவிப்பை எண்ணித் தொழுகையைச் சுருக்கிக்கொள்வார்கள். பின்னே நிற்பவருள் பலவீனரும் முதியவரும் அலுவலுள்ளவரும் உண்டு என்று இமாம்களுக்கு அறிவுறுத்தினார்கள். கடும் வெயிலில் லுஹரைச் சற்றுத் தணிந்தபின் தொழவும் சொன்னார்கள். முன்னே நிற்பவர் பின்னேயுள்ள வரிசையைக் காதால் அறியவேண்டும் என்பதே இவற்றின் பாடம்.

குளிர்பவர் போர்த்திக்கொள்ளலாமே, வேர்ப்பவர் என்ன செய்வார் என்று வாதிப்பவர் உண்டு. வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் எடுத்துப் பார்க்க வேண்டியது சுகத்தையன்று, தீங்கை. முதியவருக்கு இரவுக் குளிர் மூச்சைப் பிடிக்கும். வெயிலில் மூட்டை சுமந்துவிட்டு லுஹருக்கு வரும் தொழிலாளிக்கு வெக்கை மயக்கம் தரும். லுஹரின் எண் வேறு, இஷாவின் எண் வேறு. எண்ணை ஒருமுறை குறித்துவிட்டுச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீடு செல்வதால் நீதி நிறைவேறிவிடாது.

அடுத்த கூட்டத்தில் நாம் பூட்டை எடுக்கச் சொல்லவில்லை. முத்தவல்லி நல்ல மனிதர். கடையை விட்டு ஐவேளையும் வர இயலாதவர். சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு, அதன் கடமையை எடுத்துச் சொல்லாமல் விட்ட குறை நம்முடையது என்று ஒப்புக்கொண்டோம். சாவி மோதினாரிடம் சென்றது. வேளைதோறும் உள்ள எண் தாளில் எழுதி மூடியருகே ஒட்டப்பட்டது. இகாமத்துக்கு முன் அவர் வரிசைகளின் ஊடே ஒருமுறை நடந்துவர வேண்டும். எவர் சொன்னாலும், காரணம் கேளாமல், முதலில் செவிசாய்க்க வேண்டும். குழாயின் வாய்த்தகடும் மூன்றாம் வரிசையை விட்டுத் திருப்பி வைக்கப்பட்டது.

முணுமுணுப்பு அடியோடு நின்றுவிட்டது என்று சொல்லமாட்டோம். முதியவரும் உடனே உள்ளே வந்துவிடவில்லை. இரண்டு வாரம் வெளிப்பள்ளியிலேயே நின்றார். நாமும் மோதினாரும் அவர் வீட்டுக்குச் சென்று அழைத்த பிறகே மூன்றாம் வரிசைக்கு வந்தார். பூட்டைத் திறக்கச் சாவி போதும். ஒதுங்கிப் போனவரை அழைத்துவர நாமே நடந்து செல்ல வேண்டும்.

நம் இல்லங்களிலும் பூட்டுகள் உண்டு: அலமாரிக்கு, பணப்பெட்டிக்கு, பிள்ளைகளின் கைப்பேசிக்கு. சாவி வைத்திருக்கும் தந்தையும் தாயும் ஒருமுறை தம்மையே கேட்டுக்கொள்ளட்டும்: இதைப் பூட்டியபோது எவருடைய குரலையேனும் சேர்த்துப் பூட்டிவிட்டோமா? நம் கையில் அளிக்கப்பட்ட சிறிய சாவிகளுக்கும் கணக்கு உண்டு. அந்நாளில் நாணாமல் விடை சொல்லும் பேற்றை வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக. ஆமீன்.