யாருக்கு ஓய்வு?

சித்திரை பாதியைத் தாண்டிய பிறகு மதுரையில் உட்கார்ந்து ஒருவர் தத்துவ விசாரம் செய்கிறார் என்றால், அவர் வீட்டில் நல்ல கிணறு இருக்கிறது என்று அர்த்தம். என் வீட்டில் கிணறு இல்லை. பகலெல்லாம் வெயிலைக் குடித்த மொட்டைமாடித் தளம் இரவெல்லாம் அதை உமிழும். அந்த உஷ்ணத்தில்தான், குழந்தைகளின் விடுமுறைக்கு எங்கே போய்த் தங்குவது என்ற சாதாரணப் பேச்சு ஒரு பெரிய கேள்வியாக மாறி என்னைப் பிடித்துக்கொண்டது.

தங்குமிடம் பார்த்து எடுப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறு டிகிரி வெப்பம் குறையும். ஆகவே மலையடிவாரத்தில் ‘மலைக்காட்சி’ என்று பலகை மாட்டிய குடிலில் காட்சி மட்டும்தான் குளிரும், உடம்பு குளிராது. மே மாதத்தில் தகரக் கூரை போட்ட குடிலை எடுப்பவன் அடுப்புக்குள் படுக்கக் காசு கொடுக்கிறான். ஓடு வேண்டும், அல்லது கீற்று வேண்டும். சமவெளியில் கூடாரம் என்றால் காலை எட்டு மணிக்கு மேல் உள்ளே இருக்க முடியாது. மரநிழல் தேவை, ஆனால் காய்ந்த கிளைக்குக் கீழே கூடாரம் அடிக்கக் கூடாது. அறையைப் பார்ப்பதற்கு முன் குழாயைத் திறந்து பார்க்க வேண்டும். மலையூர்களில் கோடையில் தண்ணீர் லாரியில் வருவது உண்டு. குற்றாலத்துக்கும் நம் விடுமுறைக்கும் ஜாதகம் பொருந்துவதில்லை. பள்ளிக்கூடம் திறந்த பிறகுதான் அங்கே சாரல் விழும். உதகைக்கும் கொடைக்கானலுக்கும் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் இ-பாஸ் முறை வந்தது. மலைக்கும் தாங்கும் சக்திக்கு ஓர் எல்லை உண்டு என்பதை ஒரு நீதிபதி சொல்லித்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இப்படி நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த ஒரு மாலையில், பையன் கைப்பேசியில் ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினான். மசினகுடிப் பக்கம் ஒரு காட்டுக் குடில்.

“அப்பா, இங்கே வராந்தாவில் உட்கார்ந்தபடியே யானை பார்க்கலாமாம்!”

அவன் கண்ணில் இருந்த ஆசையைப் பார்த்து நானும் ஒரு கணம் மயங்கினேன். பிறகுதான் நினைவு வந்தது. வராந்தாவிலிருந்து யானை தெரிகிறது என்றால், யானை வராந்தாவுக்கு வந்திருக்கிறது என்று பொருளா, அல்லது வராந்தா யானையிடம் போயிருக்கிறது என்று பொருளா?

முதுமலைக் காட்டுக்கும் நீலகிரிச் சரிவுக்கும் நடுவே கிடக்கிறது சீகூர்ப் பீடபூமி. மேற்கு மலைத்தொடரிலிருந்து கிழக்கு மலைத்தொடருக்கு யானைகள் போய்வர அது ஒரு வாசல். தண்ணீரும் தழையும் தேடி, மூத்த பெண் யானை முன்னே நடக்க, மற்றவை பின்னே போகும். எந்தக் கோடையில் எந்த ஓடையில் நீர் நிற்கும் என்பது அந்த மூத்தவளின் ஞாபகத்தில்தான் இருக்கிறது. அந்த வாசலில் விடுதிகள் முளைத்தன, வேலிகள் வந்தன. வழித்தடத்தை மீட்கும் அரசின் நடவடிக்கை சரியே என்று 2011-ல் சென்னை உயர்நீதிமன்றம் சொல்லிற்று; 2020 அக்டோபரில் உச்சநீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதற்கு மூன்று மாதம் கழித்து, 2021 ஜனவரியில், அதே மசினகுடிப் பக்கம் ஓர் ஆண் யானை தீக்காயத்தோடு இறந்துபோயிற்று. தங்குமிடத்தருகே வந்த அதை விரட்ட, எரியும் பொருளை அதன்மேல் வீசியிருந்தார்கள். லாரியில் ஏற்றிய அதன் துதிக்கையைத் தடவிக்கொண்டு ஒரு வனத்துறை ஊழியர் அழுத காட்சியை நாடே பார்த்தது.

நான் அந்த ஊர்க்காரர்களை மொத்தமாகக் குற்றம் சொல்லத் தயாரில்லை. ஜீப் ஓட்டுகிறவனும், விடுதியில் படுக்கை விரிக்கிறவளும், தேநீர்க் கடைக்காரனும் நம்மைப் போன்றவர்கள் வந்தால்தான் அடுப்பு மூட்டுகிறார்கள். மதுரையில் உட்கார்ந்துகொண்டு ‘விடுதிகளையெல்லாம் மூடு’ என்று எழுதுவதற்குத் தைரியம் வேண்டியதில்லை. நஷ்டம் வேறொருவருடையது அல்லவா? ஆனால் எந்த வாசலில் நான் படுக்கலாம், எந்த வாசலில் படுக்கக் கூடாது என்பதை நான் தீர்மானிக்கலாம்.

பையனை உட்காரவைத்து இதையெல்லாம் சொன்னேன். பேச்சு எனக்கே நன்றாக இருந்தது. “நம்முடைய ஓய்வு இன்னொரு உயிரின் வழியை மறித்துக்கொண்டு உட்காரக் கூடாது” என்று முடித்தேன். பையன் ஏமாற்றத்தோடு தலையாட்டினான். அம்மா கூட, “வாஸ்தவம்தான்” என்றாள்.

கூடத்து மூலையில் அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்த என் மனைவி தலை நிமிராமலே கேட்டாள்: “யானைக்கு வழி விட்டாச்சு, சந்தோஷம். போற இடத்துல சமையல் யாரு?”

ஒன்பது வருஷங்களுக்கு முன் கொடைக்கானலில் ஒரு சிறு வீட்டை நாலு நாளைக்கு வாடகைக்கு எடுத்தேன். சமையலறையோடு கூடிய வீடு. ஹோட்டல் செலவு மிச்சம், குழந்தைகள் வயிறும் கெடாது என்று அந்தத் தேர்வை நண்பர்களிடமெல்லாம் புகழ்ந்துகொண்டேன். அரிசி, பருப்பு, பொடி வகைகள் எல்லாம் மூட்டையாக வந்தன. பிரஷர் குக்கரை மட்டும் மறந்துவிட்டோம். இரண்டாம் நாள் காலையில் அவள், “இந்த ஊர்ல பருப்பு வேகவே மாட்டேங்குதுங்க” என்றாள். நான் உற்சாகமாக விளக்கினேன்: “மதுரையில் தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும். இங்கே ரெண்டாயிரத்து நூறு மீட்டர் உயரம். தொண்ணூற்று மூன்றிலேயே கொதித்துவிடும். அதனால்தான் வேக நேரமாகிறது.”

“சரி, அதுக்கு நான் என்ன பண்ணணும்?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. “நீ மெதுவாக முடித்து வை, நாங்கள் ஒரு நடை போய்விட்டு வருகிறோம்” என்றேன். கோக்கர்ஸ் வாக்கில் பஞ்சுபோல மேகம் காலடியில் ஒதுங்கியது. குழந்தைகள் குதித்தார்கள். நான் ஒரு நாவலின் முதல் அத்தியாயத்தை அங்கேதான் மனத்தில் எழுதினேன். திரும்பி வந்தபோது பருப்பு வெந்திருந்தது. அவள் அந்த நாலு நாளில் ஏரியைப் பார்த்தது பஸ்ஸின் ஜன்னல் வழியாகத்தான் என்பதை நான் அன்று கவனிக்கவில்லை. பெண் மனத்தை எப்படி இவ்வளவு நுட்பமாக அறிந்தீர்கள் என்று எனக்கு வாசகிகள் கடிதம் எழுதுகிறார்கள்!

“இந்தத் தடவை சாப்பாடும் போடுகிற இடமாகப் பார்க்கிறேன்” என்றேன், சற்று அவசரமாக. அங்கேயும் ஒரு பெண்தானே சமைப்பாள் என்று உள்ளே ஒரு குதர்க்கம் எழுந்தது. எழுந்த வேகத்திலேயே அடங்கியது. அவள் கூலி வாங்குவாள், பொழுது சாய்ந்தால் வீட்டுக்குப் போவாள், அவளிடம் யாரும் ‘விடுமுறைக்கு அழைத்து வந்திருக்கிறேன்’ என்று நன்றி எதிர்பார்க்க மாட்டார்கள்.

மனைவி முறத்தை ஒதுக்கி வைத்தாள். “நீங்க நாலு பேரும் போயிட்டு வாங்க. நான் நாலு நாள் வீட்டுல தனியா இருக்கேன்.”

“தனியாவா? இந்த வெயில்லயா?” என்றாள் அம்மா.

“ஆமாம் அத்தை. எனக்கு வெயில் ஒண்ணும் பண்ணாது.”

எனக்குச் சுருக்கென்றது. ‘நீ இல்லாமல் எங்களுக்கு என்ன சந்தோஷம்?’ என்ற வாக்கியம் உதடுவரை வந்தது. அழகான வாக்கியம், கதையில் போட்டால் கண்ணீர் வரும். ஆனால் அதை இரவு முழுவதும் புரட்டிப் பார்த்தேன். அவள் இல்லாவிட்டால் எங்களுக்கு எது குறையும்? அவளுடைய பேச்சா, சிரிப்பா? அல்லது வேளைக்கு மாத்திரை எடுத்துத் தரும் கையா, ஈரத் துண்டைக் காயப்போடும் கையா? இரண்டையும் பிரித்தெடுக்க என்னால் முடியவில்லை. பதினேழு வருஷத்தில் அவை அப்படிப் பின்னிக்கொண்டிருக்கின்றன. அவளையும் கூட்டிக்கொண்டு போவதுதான் அன்பு என்று எண்ணுவதற்கும், அவள் கேட்டதைக் கொடுப்பதுதான் அன்பு என்று எண்ணுவதற்கும் நடுவே விடியும்வரை ஊசலாடினேன். கேட்டதைக் கொடுப்பதில் எனக்கு ஒரு பயமும் இருந்தது. நாங்கள் இல்லாத வீடு அவளுக்குப் பிடித்துப்போய்விட்டால்?

ஏற்காட்டுக்குப் போனோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் மகளுக்குக் குமட்டிற்று; எலுமிச்சம்பழம் எடுத்துவர யாருக்கும் தோன்றவில்லை. அம்மாவின் மாத்திரையை ஒரு வேளை மறந்தேன். ஓட்டுக் கூரை, கிழக்குப் பார்த்த அறை, நிறையத் தண்ணீர். தேர்வில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தினமும் மாலை தொலைபேசியில் கூப்பிட்டால், “நல்லா இருக்கேன், குழந்தைகளுக்கு ஸ்வெட்டர் போடுங்க” என்பதோடு சரி.

ஐந்தாம் நாள் நினைத்ததற்கு முன்னாலேயே, பிற்பகல் மூன்று மணிக்கு மதுரை வந்து சேர்ந்தோம். கதவைத் தட்டினேன். வழக்கமாக முதல் தட்டிலேயே திறக்கும் கதவு நாலாம் தட்டுக்குத்தான் திறந்தது. கலைந்த தலையும், கன்னத்தில் பாயின் கோரைத் தழும்புமாக அவள் நின்றாள். கூடத்துத் தரையில் ஒரு பாய். பக்கத்தில் கவிழ்த்து வைத்த ஒரு புத்தகம், என்னுடையது அல்ல. அடுப்பு மேடை துடைத்துக் காய்ந்து கிடந்தது.

“அதுக்குள்ள வந்துட்டீங்களா?” என்றாள்.