விரிப்புக்குக் கீழே

நன்னோக்கத்தோடு ஒன்றைத் திருத்தப் புகுந்தவன், திருத்தும் போக்கில் அதனையே சிதைத்துவிட்டால், அந்நோக்கம் அவனைக் காக்குமா? தச்சரின் சிறு பணியொன்றில் வைத்து இவ்வினாவை ஆராய்தல் கூடும்.

அமெரிக்க நாட்டில் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்த வீடுகள் பலவற்றில் தரை ஓக் மரப் பலகையால் ஆனது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆலைக் கம்பளம் மலிந்தது. சுவரோடு சுவர் தொட அதனை விரித்து மரத்தை மறைத்தனர். கூர்முனைகள் சாய்வாக நிற்கும் ஒட்டுப்பலகைப் பட்டைகளைச் சுவரோரமெங்கும் ஆணியால் அறைந்து, அம்முனைகளில் கம்பளத்தை இழுத்து மாட்டினர். பின்வந்தோர் பலர் மரத்தையே விரும்புகின்றனர். உடனே முன்னவரைப் பழிக்கும் சொல்லும் எழுகிறது. அது முறையன்று. அவர்கள் குளிருக்காகவும் ஓசை அடங்கவும் விரித்தனர்; அவ்விரிப்பே பல்லாண்டு மரத்தைத் தேய்வினின்றும் காத்தது.

கம்பளத்தை உரித்தல் எளிது. பட்டைகளைப் பெயர்ப்பதில்தான் மனிதனின் இயல்பு வெளிப்படுகிறது. நெம்புகோலைத் தரைமேல் நேரே ஊன்றி அழுத்தினால் பட்டை விரைவில் எழும். ஊன்றிய இடத்தில் மரம் பள்ளமாகும். அறிந்தவர் கோலுக்கடியில் மெல்லிய பலகைத் துண்டொன்றை வைப்பர். ஆணிகளுக்கு இடையே நெம்பினால் பட்டை பிளந்து ஆணி மட்டும் எஞ்சும்; ஆதலின் ஆணியின் அருகிலேயே சிறிது சிறிதாக உயர்த்துவர். முழந்தாளிட்டு அங்குலம் அங்குலமாக நகர வேண்டிய பணி இது. மாணவன் கட்டுரையில் சிவப்பு மையை வாரி இறைக்கும் ஆசிரியர்களைச் சில நாள் இப்பணிக்கு அனுப்பலாம்!

மரத்துக்கு வலியில்லை, பள்ளம் விழுந்தால் இழைத்துச் சமன் செய்யலாமே என்பர் சிலர். கணக்கு வேறு. இத்தகைய பலகையின் வழக்கமான தடிமன் 19 மில்லிமீட்டர். பலகைகளைக் கோக்கும் நாக்குக்கு மேலே இழைக்கக் கிடைப்பது அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே. ஒவ்வோர் இழைப்பிலும் அது குறையும். நாக்கை எட்டிவிட்டால் அத்தரையின் வாழ்வு முடிந்தது. எனவே ஒருவரின் அவசரத்துக்கு விலை கொடுப்பவர் இன்னும் அவ்வீட்டுக்கு வாராத வேறொருவர். கடமை மரத்துக்கன்று, அவருக்கு. அவர் வந்து வழக்குரைக்க இயலாது என்பதனால் அக்கடமை குறைந்துவிடுமா?

எல்லாச் சுவடும் குற்றமாகா. ஈரம் பட்ட இடத்தில் ஆணியின் இரும்பு ஓக் மரத்தின் டானினோடு கூடிக் கருங்கறை ஆகும். எத்துணைப் பொறுமையாளரும் அதனைத் தடுத்திருக்க முடியாது. ஆணித் துளைகளும் எஞ்சும். அவற்றை நிரப்பலாம்.

தொடாமல் விடுவதே அறமாகும் இடமும் உண்டு. சில வீடுகளில் கம்பளத்துக்கும் மரத்துக்கும் இடையே 9 அங்குலச் சதுர ஓடுகள் ஒட்டப்பட்டிருக்கும். நூற்றாண்டின் நடுவில் செய்யப்பட்ட அவ்வோடுகள் பலவற்றில் கல்நார் கலந்திருக்கிறது. உடைத்தாலும் தேய்த்தாலும் அதன் நுண்ணிழை காற்றில் எழுந்து நுரையீரலுள் புகும். அதனை உணர்ந்த வீட்டார் ஓடுகளை அசைப்பதில்லை. கீழே ஓக் மரம் இருப்பதை அறிந்தே, அதன்மேல் மீண்டும் ஒரு விரிப்பை விரிக்கின்றனர்.